வீடு வீடாகப் பிரசவம்

தலைமை தாங்குவதற்கென்றே பிறந்தவர் போல அந்த நாற்காலியில் நிமிர்ந்து வீற்றிருக்கும் மாண்புமிகு பூட்டுக்கடை அண்ணன் அவர்களே! ஆயுளில் பாதியை இந்த ஊருக்குப் பிள்ளை பிடிப்பதிலேயே செலவிட்டு… பதறாதீர்கள், பிறக்கும்போது கீழே விழாமல் பிடித்ததைச் சொல்கிறேன்… ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல் உழைக்கும் செவிலியர் திலகம் பெரியக்கா அவர்களே! முன்வரிசை முழுவதையும் கைப்பை போட்டுப் பிடித்து வைத்திருக்கும் தாய்மார்களே! பின்னால் நின்றால் யார் கண்ணிலும் பட மாட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! தட்டித் தட்டியே மைக்கையும் நம்மையும் ஒருசேரச் செவிடாக்கிய ஒலிபெருக்கி அண்ணனே! மாடியில் துணி எடுப்பது போல் பாவனை செய்து, ஒரே துண்டை நாலாவது முறையாக மடித்துக்கொண்டிருக்கும் அண்டை வீட்டுப் பெருமக்களே! உங்கள் அத்தனை பேருக்கும், மருந்துக்கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்திருக்கும் இந்த எளியவளின் இனிய மாலை வணக்கம்.

யாரது, அதற்குள் கைதட்டுவது? பேச்சு இன்னும் முடியவில்லை ஐயா. முடிந்துவிடாதா என்ற ஆசையில் தட்டினீர்களா? அந்த ஆசை இப்போதைக்கு நிறைவேறாது, உட்காருங்கள்.

நாளைக் காலை வாக்குப்பதிவு. நகரசபை நம்மிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. நம் சுகாதார நிலையத்தில் நான்கு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் மகளிர் பிரிவை மறுபடியும் திறக்கலாமா, வேண்டாமா? பிரசவம் பார்த்த இடம் அது. கருத்தடைக்கு ஆலோசனை சொன்ன இடம் அது. கரு கலைந்து கலங்கி வந்தவளைக் கட்டிலில் படுக்க வைத்துக் கவனித்த இடம் அது. இன்று அங்கே என்ன இருக்கிறது? நகரசபையின் கால் உடைந்த நாற்காலிகள் இருக்கின்றன! முதலில் ஆறு போட்டார்கள், இப்போது கூரையைத் தொடுகிறது. மனிதருக்குப் பிரசவம் நின்ற அறையில் நாற்காலிகள் மட்டும் நாளொரு மேனியாகப் பெருகிக்கொண்டிருக்கின்றன!

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊரில் பாதிப் பேராவது வந்து ஓட்டுப் போட்டால்தான் முடிவு செல்லும். வந்தவர்கள் எல்லோரும் 'திறக்கலாம்' என்று போட்டாலும், பாதிக்கு ஒரு தலை குறைந்தால் நாற்காலிகளுக்கே வெற்றி. நாம் ஜெயித்தால் இந்த மாதக் கடைசிக்குள் பிரிவைத் திறந்தாக வேண்டும் என்பது நகரசபையின் வாக்கு. அதோ, மூன்றாவது வரிசை ஓரத்தில், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருக்கிறாளே நம் தையற்காரத் தங்கச்சி, அவளுக்கு அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். எங்கே பிரசவம் என்பதை அவள் முடிவு செய்ய முடியாது. நாளைக்கு நீங்கள் முடிவு செய்வீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்காதீர்கள், அவள் வெட்கப்படுகிறாள்.

ஆக, வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பது என்று நாங்கள் மூவரும் கிளம்பினோம். பெரியக்கா, தங்கச்சி, நான். கட்சி இல்லை, கொடி இல்லை, கொள்ளைச் சிரிப்பு மட்டும் உண்டு. என்ன வரவேற்பு என்கிறீர்கள்! நாங்கள் தெருமுனையில் திரும்பியதுமே தொலைக்காட்சிகள் வாயை மூடின. விசிறிகள் நின்றன. குழந்தைகள் அழுகையைப் பாதியில் விழுங்கின. ஒரு வீட்டில் கதவைத் தட்டினேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல்: "வீட்டுல யாரும் இல்ல."

"அப்ப பேசறது யாருங்க?"

"அவரும் இல்ல."

சிரிக்கிறீர்கள். அந்த 'அவர்' இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். இன்றைக்காவது இருக்கிறார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

இப்படியே ஒரு வாரம் போயிற்று. திறந்த கதவைவிடத் தேய்ந்த செருப்பு அதிகம். உடனே பெரியக்காவுக்குக் கோபம் வந்தது. "கதவத் தட்டுனாத்தானே ஒளிஞ்சுக்கறாங்க? மொதல்ல மைக்குல சொல்லிட்டு அப்புறம் போவோம்" என்றார். காய்கறி வேன் ஒன்றைப் பிடித்தோம், மேலே குழாய் ஒலிபெருக்கியைக் கட்டினோம். "இன்று மாலை உங்கள் தெருவில் வீடு வீடாகப் பிரசாரம். பெரியோர்களே, தாய்மார்களே, தயாராக இருங்கள்." சொல்ல வேண்டியது அவ்வளவுதான். பெரியக்கா மைக்கைப் பிடித்தார். அந்த நாக்கு என்ன சாதாரண நாக்கா? பிரசவ அறையில் பழுத்த நாக்கு! 'பி', 'ர' என்று ஆரம்பித்தால் அதற்குத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான். கணீரென்று முழங்கினார், பாருங்கள்:

"இன்று மாலை உங்கள் தெருவில், வீடு வீடாகப் பிரசவம்! பெரியோர்களே, தாய்மார்களே, தயாராக இருங்கள்! ஒரு வீடும் விடுபடாது!"

அந்தக் கடைசி வரி நாங்கள் எழுதிக் கொடுக்காதது. உற்சாகத்தில் அவராகவே சேர்த்துக்கொண்டார்.

நான் வேனுக்குள்ளிருந்து அவர் கையைக் கிள்ளினேன். "அக்கா, பிரசாரம்!" என்றேன். "அதத்தானே சொல்றேன்?" என்று இன்னும் உரக்கச் சொன்னார். மூன்று முறை சொன்னார். தெரு ஒரு கணம் உறைந்தது. அப்புறம் உடைந்தது!

அவையோரே, அந்தக் காட்சியை நான் எப்படி வருணிப்பேன்? எந்தக் கதவுக்கு முன்னால் ஒரு வாரம் தவம் கிடந்தோமோ, அந்தக் கதவு திறந்தது! எந்த வீட்டில் 'அவரும் இல்லை'யோ, அந்த வீட்டிலிருந்து ஏழு பேர் வந்தார்கள்! ஒருத்தி துண்டோடு வந்தாள், ஒருத்தி போர்வையோடு வந்தாள், ஒரு மாமியார் தன் மருமகளை மேலும் கீழும் பார்த்து, "என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்த மருமகளுக்குக் கல்யாணமாகி இருபது நாள். ஒரு பெரியவர் தம் மனைவியிடம், "இந்த வயசுலயா?" என்று நடுங்கினார். அந்த அம்மா, "உங்க வீட்டையும் சேத்துத்தான சொல்றாங்க" என்று நிதானமாகப் பதில் சொன்னார். இன்னும் இரண்டு கணவன்மார், பெயர் சொல்ல மாட்டேன், பின்பக்கச் சுவர் ஏறித் தலைதெறிக்க ஓடினார்கள். அவர்கள் இன்று வலதுபக்கக் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறார்கள். வணக்கம்!

அந்தத் தெருக்கோடியில்தான் நம் தலைவர், பூட்டுக்கடை அண்ணன் வீடு. அண்ணன் கட்டைப் பிரம்மச்சாரி. முதல் வாரமே எங்களைப் பார்த்துக் கறாராகச் சொன்னவர் அவர். "எனக்குப் பொண்டாட்டியும் இல்ல, புள்ளையும் இல்ல. எனக்கு எதுக்கும்மா பிரசவ ரூம்பு? அதுக்கு மேல, அந்த ரூம்புல தொங்கறது என் கடைப் பூட்டு. நல்லாத்தானே இருக்கு?" நாங்கள் மறுபேச்சுப் பேசாமல் திரும்பியிருந்தோம். அன்று மாலை அதே அண்ணன், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய பாத்திரத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி, ஆவி பறக்க வாசலில் வந்து நின்றார்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"வெந்நீர்."

"யாருக்கு?"

"எனக்கு என்னம்மா தெரியும்? பிரசவம்னீங்க. பிரசவம்னா வெந்நீர் வைக்கணும்ல?"

தலைவர் அவர்களே, முகத்தைக் கைக்குட்டையால் மறைக்க வேண்டாம். இது அவமானமில்லை. இந்த ஊர் உங்களுக்குப் போட வேண்டிய மாலை இது!

பெரியக்கா வேனிலிருந்து இறங்கினார். நடந்தது பிசகு என்று அப்போதுதான் அவருக்கே விளங்கியது. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் அவர் அண்ணனிடம் கேட்டார். "தம்பி, புள்ள இல்லாதவனுக்கு எதுக்குன்னு கேட்டியே, நீ பொறந்தது எங்க?"

"அது எனக்கு ஞாபகம் இல்லக்கா."

"ஒங்கம்மாவுக்கு இருந்திருக்கும்" என்றார் பெரியக்கா.

அண்ணன் பாத்திரத்தைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் அவர் எங்களோடு வந்த தெருக்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. இன்று தலைமையும் அவரே.

சிந்தித்துப் பாருங்கள் அவையோரே! பிரசாரம் என்று தட்டியபோது திறக்காத கதவு, பிரசவம் என்று கூவியபோது ஏன் திறந்தது? நாம் கல்நெஞ்சக்காரர்களா? இல்லை. நாம் சோம்பேறிகளா? கொஞ்சம். ஆனால் ஒரு பெண் வலியில் துடிக்கிறாள் என்று தெரிந்தால், யார் பெண், எவர் வீடு என்று கேட்காமல் துண்டும் துணியுமாக ஓடி வருகிறவர்கள் நாம். அப்படியானால், ஓட்டுப் போடுவதும் அதே ஓட்டம்தான் என்பது மட்டும் நமக்கு ஏன் விளங்கவில்லை? வெந்நீர் வைக்கத் தெரிந்த கைக்கு விரலில் மை வைத்துக்கொள்ளத் தெரியாதா?

என்ன பின்னால் முணுமுணுப்பு? "இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்" என்றா? நன்றாகக் கேட்டீர்கள். நான் மருந்துக்கடைக்காரி, என் வாயைக் கிளறாதீர்கள்! என் கடைக்கு ஒருவர் வந்தார். தலைவலி மாத்திரை கேட்டார், கொடுத்தேன். போகவில்லை. இன்னொரு தலைவலி மாத்திரை கேட்டார், கொடுத்தேன். கடையில் ஆள் குறையும் வரை தலைவலி மாத்திரையாகவே வாங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கேட்க வந்தது ஆணுறை! அதைக் கேட்டு முடிப்பதற்குள் தலைவலி எனக்கு வந்துவிட்டது. பெண்களும் சளைத்தவர்களில்லை. கருத்தடை மாத்திரை வேண்டியவள் கண்ணால் பேசுகிறாள், புருவத்தால் பேசுகிறாள், பக்கத்தில் மாமனார் நின்றால் இருமலால் பேசுகிறாள். நான் இருமல் மருந்து கொடுத்து அனுப்பிய பாவமும் உண்டு. எப்போது பெறுவது, எத்தனை பெறுவது, பெறுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவள் அவள். அதைக் கேட்க அவளுக்கு ஒரு கதவடைத்த அறை இல்லை. என் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல்தான் ஊரின் அந்தரங்கமெல்லாம் நடக்கிறது.

ஆகவே, கூச்சப்படும் குலவிளக்குகளே, குலக்கொழுந்துகளே! நாளை உங்களுக்குத்தான் திருநாள்! ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் ஒரு திரை தொங்குகிறது. உள்ளே மாமனார் இல்லை, மாமியார் இல்லை, மருந்துக்கடைக்காரி இல்லை. இத்தனை நாள் இருமிக் கேட்டதை, மென்று விழுங்கியதை, மனசுக்குள்ளேயே மடித்து வைத்ததை, அங்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிடலாம்! யார் கேட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கேட்டது கிடைக்கும். எனக்கும் வியாபாரத்தில் தலைவலி மாத்திரை குறையும், போகட்டும்!

இனி நான் சொல்லப்போவதற்குச் சிரிப்பு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்கச்சிக்கு முதல் வலி கண்டது. நம் பிரிவு பூட்டியிருந்தது. ஆற்றுக்கு அப்பால் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கிடைத்தது காய்கறி வேன். நானும் கூட ஏறிக்கொண்டேன். பாலத்தின் நடுவில் ஒரு லாரி குடை சாய்ந்து, முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. பூசணிக்காய்களுக்கு நடுவில் பிறந்தாள் ஒரு பெண். வேன்காரர் பதற்றத்தில் குழந்தையைத் தராசில் வைத்து எடையே பார்த்துவிட்டார். அதுவரை நானும் சிரித்தேன். அப்புறம் தங்கச்சிக்கு ரத்தம் நிற்கவில்லை. என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி தளர்ந்துகொண்டே வந்தது. என் கடையில் அத்தனை மருந்து இருக்கிறது, என் கையில் ஒன்றுமில்லை. நான் பயந்தேன். இத்தனை வாய் பேசுகிற நான் அன்று ஒரு வார்த்தை பேச முடியாமல் பயந்தேன். அவள் பிழைத்தது லாரியை நகர்த்தத் தோள் கொடுத்த முகம் தெரியாத மனிதர்களால். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு முறையும் பாலத்தில் நிற்க மாட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்று இன்று மத்தியானம் அவள் என்னிடம் சத்தியமே கேட்டாள். "அக்கா, எனக்காகப் போடுங்கன்னு கேக்காதீங்க. பாவம்னு பாப்பாங்க. எனக்கு அது பிடிக்காது. ஊருக்காகன்னு கேளுங்க." அவள் ரோஷம் அப்படி. நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தங்கச்சி, முறைக்காதே. நான் உன் பேச்சைக் கேட்கப்போவதில்லை. ஊர் என்றால் என்ன? ஊருக்கு வலி வருமா? ஊருக்கு இடுப்பு நோகுமா? ஊர் போய்க் கட்டிலில் படுக்குமா? படுக்கப்போவது நீ! அதனால் உனக்காகவே கேட்கிறேன், உரக்கவே கேட்கிறேன்!

தாய்மார்களே, தந்தைமார்களே, கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் ஓட்டக்காரர்களே! நாளை அந்தத் திரைக்குப் பின்னால் நிற்கும்போது கொள்கையை நினைக்க வேண்டாம், கூட்டத்தை நினைக்க வேண்டாம், என்னை நினைக்கவே வேண்டாம். மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு தலையணையில் சாய்ந்து, என்னைக் கோபமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த ஒருத்தியின் முகத்தை நினையுங்கள். அடுத்த மாதம் அவளுக்கு ஒரு கட்டில் வேண்டும், ஒரு விளக்கு வேண்டும், கூப்பிட்டால் வர ஒரு ஆள் வேண்டும். பாவம் என்று அல்ல. அது அவளுக்குச் சேர வேண்டியது.

இவ்வளவு நேரம் காது கொடுத்தவர்களுக்கு நன்றி. நாளை கை கொடுக்கப்போகிறவர்களுக்கு இன்றைக்கே வணக்கம். அவளிடம் நான் சத்தியத்தை மீறிவிட்டேன். நீங்கள் அத்தனை பேரும் வந்தால்தான் அவள் என்னை மன்னிப்பாள்.