அண்ணனுக்காக ஆஜரானேன்

முதலில் அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் சார். எனக்குச் சீக்கிரம் சளி பிடித்துக்கொள்ளும்.

எங்கள் கட்சித் தலைவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இளமை முழுக்க அவருக்கு உதவியாளனாக இருந்தேன். மேடையில் அவருக்கு யார் பேராவது மறந்தால் காதருகே சொல்வது, அவர் திட்டி அனுப்பியவர்களைச் சமாதானம் செய்து திரும்பக் கூட்டிவருவது, எல்லாம் நான்தான். "அடுத்த தேர்தல்ல நம்ம ஊர்த் தொகுதி உனக்குத்தான்டா" என்று அண்ணி முன்னாலேயே சொல்லியிருந்தார். கடைசியில் மேடையேறி வேட்பாளராகத் தன் மருமகன் பேரை அறிவித்தார். முதலில் கைதட்டியது நான்.

"கோவிச்சுக்காத. உன்னத் தூதரகத்துக்கு அனுப்புறேன். கோட்டு சூட்டு போட்டு ராஜா மாதிரி இருப்ப" என்றார்.

அங்கே விருந்துகளில் சிரிப்பதும், விமான நிலையத்தில் அதே மருமகனின் பெட்டிகளைத் தள்ளுவதும் என் வேலை. அப்பா இறந்தபோது விடுப்புக் கேட்டேன். அந்த வாரம் மருமகன் வருகிறான் என்று அண்ணன் மறுத்துவிட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆட்சி போனதும் என் பதவியும் போனது. எப்போதோ படித்த சட்டத்தைத் தூசி தட்டி வக்கீலானேன். அண்ணன் மேல் வழக்கு விழுந்தது, வெளிநாட்டில் ஒளிந்திருந்தார். மருமகன் கட்சி மாறிவிட்டான். அண்ணன் எனக்குத்தான் போன் செய்தார்.

"உன்ன நம்பி வரலாமாடா?"

"வாங்கண்ணே. முன்ஜாமீன் வாங்கி வச்சிருக்கேன்."

வாங்கவில்லை. விமானத்தை விட்டு இறங்கியதுமே பிடித்தார்கள்.

சிறையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. "சார், உடனே ஆஸ்பத்திரிக்கு மாத்தணும், கோர்ட்டுல மனு போடுங்க" என்று சிறை டாக்டர் என்னிடம் சொன்னார். உங்களிடமும் அவர்தான் சொல்லியிருப்பார். ஒரே பக்கத்தில் எழுதிவிடக்கூடிய மனுதான். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அண்ணன் கம்பிக்கு அந்தப் பக்கம் மார்பைத் தேய்த்துக்கொண்டே கேட்பார்.

"மனு என்னாச்சுடா?"

"விசாரணைக்கு வருதுண்ணே."

உதடு நீலம் பூத்திருக்கும். தலையாட்டிவிட்டு உள்ளே போவார். அப்படிக் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் கைவிட்டுட்டாங்க தம்பி. நீங்க ஒருத்தர்தான் கடைசி வரைக்கும் கூட இருந்தீங்க."

ஆமாம் என்றேன். அது பொய்யில்லையே.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம்: மனு போட்டால் பிழைப்பார் என்று தெரிந்தேதான் போடவில்லை. ஆனால் துரோகம் என்ற சொல் மட்டும் வேண்டாம். அது எப்படி வலிக்கும் என்று அனுபவித்தவன் நான். அதை இன்னொருவருக்குச் செய்ய எனக்கு மனசு வராது.