தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

— ஏங்க, தாழ்ப்பாளைத் திறங்க! தொப்புன்னு விழுந்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு.

— நான் எங்கடி விழுந்தேன் மகாராணி? இந்தக் குளியலறைத் தரைதான் எழுந்து வந்து என்னைக் கட்டிப்புடிச்சுக்கிச்சு.

— விளையாடாதீங்க. வாந்தி எடுத்தீங்களா? ரத்தம் வந்துச்சா?

— ஒரு சொட்டு இல்ல. தலைதான் ராட்டினமா சுத்துது. எழுந்தா கண்ணு இருட்டுது.

— வெளிக்குப் போனது தார் மாதிரி கறுப்பா இருந்துச்சா?

— இத்தனை வருஷக் குடித்தனத்துல நீ ஆசையாக் கேட்ட ஒரே கேள்வி இதுதான்டி! இல்ல, இல்ல.

— கதவை உடைக்கச் சொல்லவா?

— நான் போட்ட தாழ்ப்பாள். யானை வந்து முட்டினாலும் யானைக்குத்தான் தலைவலி.

— டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே! ஈரல் இறுகிப்போச்சு, ரத்தம் போக வழியில்லாம உணவுக்குழாய்ல நரம்பெல்லாம் புடைச்சு நிக்குது, அழுத்தத்தைக் குறைக்கத்தான் இந்த மாத்திரை, விட்டா வெடிச்சிரும்னு.

— ஊரெல்லாம் குழாய் மாட்டினவனுக்கே குழாய்ப் பாடமா? நான் மாட்டினதுல ஒண்ணாவது வெடிச்சிருக்கா?

— அது இரும்பு. இது நரம்பு. போன வாரம் என் தம்பி முன்னாடி, ‘நெஞ்சுத் துடிப்பையே மெதுவாக்குற மாத்திரை எனக்கெதுக்கு’ன்னு அட்டையோட குப்பையில எறிஞ்சீங்க. இப்ப நாடியைப் பிடிச்சுப் பாருங்க.

— இரு... ஒண்ணு... அடுத்தது வீட்டை விட்டுக் கிளம்பிட்டிருக்கு... ரெண்டு. நடுவுல ஒரு குட்டித் தூக்கம் போடலாம்டி.

— அவ்வளவு மெதுவாவா?

— கையெல்லாம் ஜில்லுன்னு வேர்த்துக் கொட்டுது. இந்தா, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக்கூடாது. உன் தம்பிக்குத் தெரியவே கூடாது.

— சொல்லித் தொலைங்க!

— எறிஞ்சதுக்கு மறுநாளே பயம் வந்திருச்சு. மருந்துக்கடையில வேற அட்டை வாங்கி ஸ்பானர் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். தினமும் தவறாம முழுங்குறேன். அவ்வளவு வீறாப்பு பேசிட்டு உன் கண்ணு முன்னாடி எப்படிடி முழுங்குறது?... ஏய், சந்தோஷத்துல அழறியா?

— தவழ்ந்து வாங்க. எழுந்திருக்காதீங்க, தவழ்ந்தே வந்து தாழ்ப்பாளைத் தள்ளுங்க. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்.

— மாத்திரைதான் ஒழுங்கா போடறேன்னு சொல்றேனே, அப்புறம் எதுக்குடி ஆம்புலன்ஸ்?

— நீங்க எறிஞ்ச அட்டையை நான் அன்னைக்கே குப்பையிலிருந்து எடுத்துட்டேங்க. தினமும் உங்க காபியில பொடிச்சுப் போட்டுக்கிட்டிருக்கேன்.