பெயர் சொல்லும்வரை முகமூடி

பாஸ்தலாவ்ன் ஞாயிற்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுவரை சரியாக நாற்பத்தொன்பது நாட்கள். தவக்காலம் தொடங்குமுன் வயிறு நிறையத் தின்று, முகமூடி போட்டுக் கூத்தடித்த நாள் அது. இப்போது நோர்வேயில் பெரும்பாலும் கிறீம் பணிஸ்தான் மிஞ்சியிருக்கிறது. எங்கள் தமிழ்ப் பங்கு இளைஞர் மன்றம் முகமூடியைத் திரும்பக் கொண்டுவர விரும்பியது. நான் இரசாயனம் படித்தவள். எதையும் தேடி வாசிப்பேன் என்று பொறுப்பை என்னிடம் தந்தார்கள்.

இங்கே முன்பு நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு ஆட்டு வேடம் போட்டு வீடு வீடாகப் போவார்கள். வேடக்காரர் தன் குரலைக் காட்டமாட்டார். வீட்டுக்காரர் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் முகமூடி கழலும். அந்த விதியைப் பாஸ்தலாவ்னுக்கு எடுத்துக்கொண்டேன். மரபுகள் இப்படித்தான் கலக்கின்றன.

ஹவுகெட்டோ மண்டபத்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கினோம். பன்னிரண்டு வேடங்கள். எது யார் என்ற பட்டியல் என்னிடம் மட்டும் இருந்தது. சனம் சொல்லும் பெயருக்கு ஓம் அல்லது இல்லை என்பது என் வேலை.

ஆட்டு வேடத்தை லீசாவுக்குக் கொடுத்தேன். உண்மையான ஆட்டுத்தோல், தலையிலிருந்து முழங்கால்வரை. கைகள் உள்ளே, கட்டு முதுகில். அவளுக்கு ஆஸ்துமா இருப்பது எனக்குத் தெரியும். முதலாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தோம். யாராவது என்னிடம் எதையாவது கேட்டால் அவள்தான் பதில் சொல்வாள். "அவளுக்குக் கதைக்க வராது, நான் சொல்லுறன்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மற்றவர்கள் வெளியே வரிசையில் நிற்க, ஆடு முதலில் உள்ளே வந்தது. கொஞ்சம் ஆடியது. பிறகு குனிந்தது. முழங்காலில் விழுந்து மேசைக்காலைத் தலையால் இடித்தது.

"இது தர்மிகன்தான்" என்றான் மன்றத்து ஜெனுசன். "நடிப்பைப் பாருங்கோவன்."

இல்லை என்றேன்.

"அப்ப சூசைரட்ணம் அங்கிளோ? உந்த வண்டி வயிறு வேற ஆருக்கு?"

இல்லை என்றேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. விதி விதிதான்.

நான்கு நிமிடங்கள் போயின. ஆடு அசையாமல் கிடந்தபோது ஜெனுசன்தான் கட்டை அவிழ்த்தான். அம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு அது நல்ல வேகம். லீசா அதற்கு முன்பே இறந்துவிட்டாள்.

நீங்கள் பொலிஸ் அறிக்கையில் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் சரியான பெயரைச் சொல்லவில்லை என்று எல்லோரும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குக் கேட்டிருக்காது. லீசாவின் அம்மா அருள்ராணி அன்ரி இன்னும் யாருடனும் கதைக்கவில்லை என்று அறிந்தேன். ஆகவே நான்தான் சொல்லவேண்டும்.

ஜெனுசன் வாயைத் திறக்குமுன்பே அன்ரி என் பக்கத்தில் வந்து, காதுக்குள் கேட்டார்.

"பிள்ளை, அது என்ர லீசாவோ?"

"இல்லை அன்ரி" என்றேன்.