கத்தாமல் அழைத்த கிறிஸ்டி டீச்சர்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் திரு. விஸ்வநாதன் அவர்களே, மனைவியை இழந்து வாடும் ஜஸ்டின் அண்ணாச்சி அவர்களே, பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்தபடி வந்திருக்கும் பெற்றோர்களே! நம் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியன் முத்துக்குமாரசாமி கலங்கிய நெஞ்சோடு வணங்குகிறேன்.

நம் சிறப்புப் பயிற்றுநர் கிறிஸ்டி அம்மையார் இன்று இல்லை! சென்ற வியாழன் காலை, இலஞ்சிக்குப் பிரியும் விலக்கில், ஒரு லாரி அவரைப் பறித்துக்கொண்டது.

அடக்கத்தன்று, நம் பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் தாய் குருவம்மாள் என் கையைப் பிடித்துக் கேட்டார். "சார், டீச்சருக்கும் எம்மவளுக்கு உள்ள கோளாறுதானாம்லா? கவனமில்லாம ரோட்டுல போயிட்டாகன்னு ஊரே சொல்லுது. எம்மவளும் ஒருநா இப்படித்தான் போயிருவாளோ?"

அதற்குப் பதிலை இன்று சொல்கிறேன்.

குருவம்மாளின் மகள் சங்கரேஸ்வரிக்குச் சென்ற ஆண்டு எட்டு வயது. ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டாள். அந்தச் சீசனில் பிள்ளைகளைக் குற்றாலம் ஐந்தருவிக்கு அழைத்துப் போயிருந்தோம். திடீரென்று தண்ணீர் செம்மண் நிறமானது. அபாயச் சங்கு ஊதியது. போலீஸ்காரர்கள் விசிலடித்துக் கூட்டத்தை விரட்டினார்கள். அந்த நொடியில் அவள் என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். வழுக்குப் பாறையில் ஏறினாள்!

"ஏட்டி, வந்துரு! வந்துரு!" என்று நாங்கள் அலறினோம். அலற அலற, அவள் சிரித்துக்கொண்டே இன்னும் மேலே ஏறினாள்.

"யாரும் கத்தாதீங்க!" என்றார் கிறிஸ்டி டீச்சர். "சத்தம் கேட்டா அவ இன்னும் ஓடுவா."

பாறை அடியில் ஈரத்திலேயே உட்கார்ந்தார். சாதாரணமாகப் பேசினார். "சங்கரி, என் செருப்பு வாரு சிக்கிக்கிட்டு. கழத்தி விடுதியா?"

அவள் நின்றாள். திரும்பினாள். உட்கார்ந்தபடியே இறங்கி வந்து செருப்பைத் தொட்டாள். டீச்சர் அவளை வாரி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். சற்று நேரத்தில் அந்தப் பாறை கண்ணில் தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது.

மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்ப டிசி எழுதினேன்! ஆம், இந்தக் கைதான் எழுதியது. பயம் ஐயா, பயம்!

டீச்சர் என் முன்னால் வந்து நின்றார். "அவ வேணும்னு ஓடல சார். யோசிக்கிறதுக்கு முன்னால காலு போயிருது. நானும் அப்படித்தான் வளந்தேன். அடி வாங்காத நாளே கிடையாது. ஏடிஹெச்டிங்கிற கவனச் சிதறல் கோளாறுன்னு முப்பத்தெட்டு வயசுலதான் டாக்டர் கண்டுபிடிச்சு சொன்னாங்க. இப்பவும் மாத்திரை சாப்பிடுதேன்."

"உங்களுக்குப் பயமா இல்லையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"தெனமும் பயம்தான் சார். அதுக்காக அவள வெளிய தள்ளிட்டா, அங்கன அவள யாரு பாத்துக்கிடுவா?"

டிசியைக் கிழித்தேன். டீச்சருக்கு இருந்த கோளாறு பற்றி ஜஸ்டின் அண்ணாச்சியின் அனுமதியோடுதான் இங்கே சொல்கிறேன்.

இனி ஊர்ப்பேச்சுக்கு வருகிறேன். கவனமில்லாமல் போனாரா அவர்? விலக்கில் இருந்த கேமராப் பதிவைப் போலீசார் எங்களுக்குக் காட்டினார்கள். அவர் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, வழி விட்டுக் காத்துநின்றார். லாரிதான் தடம் மாறி வந்தது. அவர்மீது பழி சொல்லாதீர்கள்!

ஆனால் குருவம்மா, உங்களிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகளுக்கு ஆபத்தே வராது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ரோட்டைப் பார்த்தால் எனக்கும் நடுங்குகிறது. தண்ணீரைப் பார்த்தால் நடுங்குகிறது. டீச்சர் செய்ததை நான் பாதியாவது செய்வேனா என்று நடுங்குகிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக டீச்சர் நடத்திய சனிக்கிழமை வகுப்புக்குப் பதினோரு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். இந்த வாரம் ஒருவரும் வரவில்லை. அம்மையாரின் படத்துக்கு முன்னால் உறுதி கூறுகிறேன்: அந்த வகுப்பு நிற்காது. புதிய பயிற்றுநர் வரும்வரை நானே நடத்துவேன். தெரியாததை டாக்டரிடம் கேட்டுக் கற்பேன். ஒரு பிள்ளையையும் அடிக்க மாட்டேன், அடிக்க விடவும் மாட்டேன்.

பெற்றோர்களே, வரும் சனிக்கிழமை பிள்ளைகளை அனுப்புங்கள். நீங்கள் பயந்துகொண்டுதான் அனுப்புவீர்கள். நானும் பயந்துகொண்டுதான் வாசலில் நிற்பேன்.

ஆனாலும் நிற்பேன். அனுப்புங்கள்!