இரண்டாம் மேசைக்குக் கீழே இருந்த வடிகால்

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் உள்ளன. வயது பதினேழு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். பச்சையாகச் சாப்பிடும் இலைகளைக் கழுவி, வெட்டி, பாக்கெட் போடும் கூடத்தில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். என் அம்மா பக்கத்தில் இருக்க, பெண் காவலரிடம் இதைச் சொல்கிறேன்.

நான் முதலில் கவனித்தது அக்காவின் நகங்களை. அவள் என் பெரியம்மா மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் நக இடுக்கில் எப்போதும் பச்சைக் கறை இருக்கும். ஆறு மாதத்துக்கு முன், பன்னிரண்டாவது முடித்தவள் என்பதால் சோதனைக்கூட மேடம் அவளை மாடிக்கு எடுத்துக்கொண்டார். அதன் பிறகு மூன்றே வாரத்தில் அவள் நகங்கள் வெளுத்துவிட்டன.

மாடியில் மரபணு படிக்கும் கருவி இருக்கிறது. இலையில் நோய்க்கிருமி இருக்கிறது என்று சொல்வதோடு நிற்காமல், அதன் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து அது எந்தக் கிருமிக்குச் சொந்தபந்தம் என்றும் காட்டிவிடும். அக்கா இதை வீட்டில் விளக்கியபோது அம்மா, "அப்ப நம்ம சொந்தக்காரங்களையும் அதுல போட்டுப் பாரேன், யாரு யாருக்கு என்ன முறைன்னே தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். கூடத்தில் மேற்பார்வையாளர் போகும்போதும் வரும்போதும், "அக்கா மாடியில, தங்கச்சி சேத்துல" என்பார்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா சோதனைக்கு இலை மாதிரி எடுக்க வந்தாள். என் மேசையிலிருந்த இலைகளைப் பையில் போட்டாள். அதன் பிறகு மேடம் கூப்பிட்டதால் பையை என் முன்னால் வைத்து, "பாத்துக்கடி, யாரையும் தொட விடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு நான் குனிந்து, இரண்டாம் மேசைக்குக் கீழே உள்ள வடிகாலில் கையுறை விரலை நனைத்து, பையைத் திறந்து இலைமேல் தடவி, பழையபடி மூடி வைத்தேன். அவள் திரும்பி வந்து, தேங்க்ஸ் சொல்லி எடுத்துப் போனாள். மாதிரியை அழுக்காக எடுத்ததற்காக அவளைக் கீழே அனுப்பிவிடுவார்கள், மறுபடி என் பக்கத்தில் நின்று இலை வெட்டுவாள் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு லோடுக்கும் இரண்டு பை எடுப்பார்கள், ஒன்று கருவிக்கு, மற்றது ஒப்பிட்டுப் பார்க்க என்பது எனக்குத் தெரியாது. மற்றது அப்போதே அவளுடைய ஐஸ் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. ஒரு பையில் கிருமி இருந்தது, மற்றதில் இல்லை. இருந்த கிருமியும், போன மாதம் எங்கள் வடிகாலில் துடைத்தெடுத்த கிருமியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. அந்த லோடு முழுவதையும் குழியில் கொட்டச் சொன்னார்கள். நானும் கொட்டினேன். பையைக் கையாண்டவள் அக்கா ஒருத்திதான், வேண்டுமென்றே கெடுத்திருக்கிறாள் என்று முதலாளி போலீசில் புகார் கொடுத்தார்.

அதற்கு முன், பையை நடுவில் யாரிடமாவது விட்டாயா என்று மேடம் அக்காவை எல்லோர் முன்னாலும் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, "யார்கிட்டயும் விடல மேடம்" என்றாள். அப்போதும், இதிலும் அவள் எனக்கு மேலே போய்விட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்று காலை அவளைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். அதன் பிறகு நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடந்து வந்தேன்.

எழுதியதைக் காவலர் படித்துக் காட்டினார். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் மட்டும் விளையாட்டுத்தனம் என்று போட்டிருந்தார். "சின்னப் பொண்ணு, அப்படியே இருக்கட்டும்மா" என்றார். அதை அடித்துவிட்டுப் பொறாமை என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்தில் ஒரு கையெழுத்தும், கீழே ஒரு கையெழுத்தும் போட்டேன்.