கிழித்துப் போட்ட லேபிள்

என் பெயர் சகாயராணி. வயது 38. கணவர் பெயர் சூசைநாதன். புதுச்சேரி, வில்லியனூர் கொம்யூன் ஒதியம்பட்டில், கோயில் பின் தெருவில் குடியிருக்கிறேன். ஊருக்கு அருகில் உள்ள செருப்புக் கம்பெனியில் நான்கு வருடமாக ஸ்டோரில் வேலை பார்த்து வருகிறேன். ஸ்டேஷனில் என்னை உட்காரச் சொன்னார்கள். முடியவில்லை என்று சொல்லி, நின்றபடியே இதைச் சொல்கிறேன்.

கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் அறையில் பதினான்கு பெண்கள் வேலை செய்தார்கள். பசையை இளக்கவும், கையில் ஒட்டியதைத் துடைக்கவும் ஒரு திரவத்தை டின்னிலிருந்து நான்தான் ஊற்றிக் கொடுப்பேன். அது தண்ணீர் போல நிறமில்லாமல் பெட்ரோல் வாடை அடிக்கும், கையில் பட்டால் சில்லென்று உடனே காய்ந்துவிடும். நாங்கள் அதை சொல்யூஷன் என்போம். ஒட்டுவதற்குள் பசை காய்ந்துவிடும் என்று சொல்லி, அந்த அறையில் மின்விசிறி போடவும் ஜன்னல் திறக்கவும் மேனேஜர் அருள்முருகன் விடமாட்டார். மதியத்துக்குள் எல்லோருக்கும் தலை வலிக்கும்.

கடந்த அக்டோபர் மாதம், அதிகாரிகள் பார்வையிட வருவதாகச் சொல்லி, டின்களில் உள்ள லேபிளை எல்லாம் வெந்நீரில் நனைத்துக் கிழிக்கும்படி மேனேஜர் என்னிடம் சொன்னார். அதில் நெஞ்சு வெடித்தது போல ஓர் ஆள் படம் இருந்தது. "இது இன்னா சார்?" என்று கேட்டேன். "எல்லா டின்னுலயும் அப்படித்தாம்மா போடுவான், நீ கிழி" என்றார். நான் இருபத்திரண்டு டின்களின் லேபிளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அதன் பிறகு வந்த டின்களிலும் அதையே செய்தேன்.

அதன் பிறகு நவம்பர் கடைசியில், ஒட்டும் அறையில் வேலை செய்யும் என் பக்கத்து வீட்டு ஜெயசித்ரா, வயது 27, என்னுடன் வீட்டுக்கு நடந்து வரும்போது அவருடைய ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அது தெரியாமலே அவர் நடந்துகொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்ததும், "இன்னாக்கா, எப்போ கழண்டுச்சு?" என்று சிரித்தார். அவர் உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு டிசம்பரில் அவரால் தன் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஜனவரியில் கம்பெனிப் படியில் விழுந்தார். அதிலிருந்து அவரால் எதையாவது பிடிக்காமல் நடக்க முடியவில்லை, வேலைக்கும் வருவதில்லை.

நான் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சர்க்கரை இல்லை என்று வந்தது. டாக்டர், அது என்ன திரவம், டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "டின்னுல ஒண்ணும் எழுதல சார்" என்றார் ஜெயசித்ரா. பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சோறு வடிக்கும்போது பாதியில் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன்.

அதன் பிறகு 10.02.2025 அன்று புது லோடு வந்தது. ஒரு லேபிளை மட்டும் கிழியாமல் உரித்து, சாப்பாட்டு டப்பாவில் வைத்து எடுத்து வந்து, மறுநாள் லீவு போட்டு, ஜெயசித்ராவையும் அழைத்துப் போய் டாக்டரிடம் கொடுத்தேன். அது ஹெக்சேன் என்றும், மாதக்கணக்கில் அந்த ஆவியைச் சுவாசித்தால் கை கால் நரம்பு கெடும் என்றும், கையைத் துடைப்பதும் கெடுதல் என்றும், எளிதில் தீப்பிடிக்கும் என்றும் அவர் சொன்னார். வேலையை விட்ட பிறகும் சில மாதம் நோய் கூடிவிட்டுத்தான் குறையலாம், முழுவதும் சரியாகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். வெளியே வந்ததும், லேபிளைக் கிழித்தது நான் என்று ஜெயசித்ராவிடம் சொன்னேன். அதுவரை அவர் என் தோளைப் பிடித்திருந்தார். கையை எடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ வரை தனியாகவே நடந்தார்.

இன்று காலை ஒட்டும் அறைக்குப் போய் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லி ஜன்னலைத் திறந்தேன். மேனேஜர் வந்து ஜன்னலைச் சாத்தி, "கிழிச்சது நீ. போலீசுக்குப் போனா மொதல்ல உன்னத்தான் புடிப்பாங்க" என்று சொல்லி என்னை வெளியே அனுப்பினார். நான் நேராக இங்கு வந்தேன்.

அவர் சொன்னது நிஜம். கிழித்தது என் கை. அதை விடாமல் எழுதச் சொன்னேன். என் மேல் எடுக்கும் நடவடிக்கையைப் பிறகு எடுக்கலாம். இப்போது மணி பதினொன்றே கால். உள்ளே பதின்மூன்று பெண்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணிக்கு அதே திரவத்தில் கை துடைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். அதற்கு முன் ஜீப் போக வேண்டும். நானும் ஏறிக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சூ. சகாயராணி
12.02.2025