மின் அண்டாவுக்காக ஐந்து நிமிடம்

தலைமை இருக்கையில் அமர்ந்து, கையில் மணியும் கண்ணில் கண்டிப்புமாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கும், வீட்டு பீர் காய்ச்சுவோர் கழகத்தின் தலைவர் ஃபிலிப்பா டாஸ்கர் அவர்களே! முப்பது அறுவடை கண்டும் மூக்கின் கூர்மை மழுங்காத முன்வரிசை மூத்தோரே! பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கொடி கீறிய கோடுகள் கையில் இன்னும் ஆறாமலே வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே! டாபவேராப் பள்ளத்தாக்கின் தகப்பன்மாரே! இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்திருக்கும், எங்கள் அடுத்த வீட்டு டூகல் ஹியூவெட்சன் மாமா அவர்களே! கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், எந்த நிமிடமும் எழுந்து ஓடிவிடத் தயாராக உட்கார்ந்திருக்கும் என் அம்மா வைமாரி அவர்களே! உங்கள் அனைவருக்கும் கியா ஓரா!

என் பெயர் ரிப்பெகா. எனக்குப் பதினான்கு வயது. நான் இந்தக் கழகத்தின் உறுப்பினர் அல்ல. ஒரு துளி பீரும் அருந்தியதில்லை. பிறகு ஏன் மேடை ஏறினாய் என்று கேட்கிறீர்களா? உறுப்பினரான என் அம்மா, தம் சார்பில் பேச என்னை அனுப்பியிருக்கிறார். "எனக்குக் காய்ச்சத்தான் வரும், பேச வராது. உனக்குத்தான் வாய் மூடவே மாட்டேங்குதே, நீ போ" என்றார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! சிரிப்புக்குச் செலவாகும் நேரம் என் ஐந்து நிமிடத்தில் சேராது என்று தலைவர் தலையசைக்கிறார்.

பெரியோர்களே! தீர்மானம் என்ன சொல்கிறது? "ஒற்றை மின் அண்டாவில் காய்ச்சுவது பீர் ஆகாது. ஆகவே அது அறுவடைக் கோப்பைப் போட்டியில் சேர்க்கப்படாது." இரண்டே வரிதான். இந்தக் கழகத்தில் மின் அண்டா வைத்திருப்போர் நால்வர். அவர்களில் மூவர் வீட்டில் பழைய மூன்று அண்டாக்களும் அடுப்பும் அப்படியே இருக்கின்றன. தீர்மானம் நிறைவேறினால் அவர்கள் பழைய முறைக்கு மாறிக்கொள்வார்கள். நான்காமவர் எங்கே மாறுவார்? நான்காமவருக்கு வேறு வழி எங்கே இருக்கிறது? அந்த நான்காமவர்தான் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

சென்ற ஆண்டு அறுவடையில், கொடி அறுக்கும் வண்டியிலிருந்து என் அம்மா விழுந்தது உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். வலத் தோள் உடைந்தது. எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. அதுவரை அவரும் மூன்று அண்டாக்காரர்தான். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பார்லி, ஒன்றில் கொதி! ஒவ்வொன்றையும் தூக்க வேண்டும், சாய்க்க வேண்டும், ஊற்ற வேண்டும். கொதிக்கும் இருபது லிட்டரை ஒரு கையால் யார் தூக்குவார்? அந்தக் குளிர்காலம் முழுவதும் அண்டாக்கள் காலியாகக் கிடந்தன. அம்மா கார் ஷெட்டுக்குப் போவார், ஒரு மூடியைத் திறப்பார், மூடுவார், திரும்பி வந்து எங்களிடம் மிகவும் அன்பாகப் பேசுவார். அந்த அன்பு எனக்குப் பயமாக இருந்தது.

செப்டம்பரில், வசந்தம் வந்ததும், மூன்று அண்டாக்களையும் விற்றுவிட்டு, இந்த மின் அண்டாவை வாங்கினார். முழங்கால் உயரம். உள்ளே ஒரு கூடை, அடியில் சூடேற்றும் தட்டு, பக்கத்தில் ஒரு சின்னப் பம்ப். ஒரே பாத்திரத்தில் ஊறும், ஒரே பாத்திரத்தில் கொதிக்கும். இருபது லிட்டர் வேண்டாம், பத்து லிட்டர் போதும். முதல் நாள் அது சூடாகத் தொடங்கியதும் அம்மா என்னைப் பார்த்து, "ஏய், அந்தப் பார்லிய யாரு இவ்வளவு மாவா அரைச்சது? கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று கத்தினார். அவையோரே, என் வாழ்நாளில் ஒரு திட்டு அவ்வளவு இனித்ததில்லை!

என்ன மாமா? சத்தமாகச் சொல்லுங்கள். "பட்டனத் தட்டிட்டு டிவி பாக்கப் போறதெல்லாம் காய்ச்சுறதா?" சரி, கேட்டுவிட்டீர்கள். பதில் சொல்கிறேன்.

இந்த மண்டபத்தில், ஹாப்ஸைக் கையால் பறிப்பவர் யாராவது உண்டா? கை தூக்குங்கள் பார்ப்போம்! ஒருவரும் இல்லையா? கொடியை வண்டி அறுக்கிறது, பூவை இயந்திரம் பிரிக்கிறது, சூளையில் விசிறி உலர்த்துகிறது. டூகல் மாமா, உங்கள் மூன்று அண்டாவுக்குள் விழும் ஒவ்வொரு பூவும் இயந்திரத்தின் பல்லில் புகுந்து வந்த பூ! அது பீர் ஆகும். எங்கள் பம்ப் சுற்றிவிட்ட பார்லிச் சாறு மட்டும் பீர் ஆகாதா? இது நியாயமா? இது நடுநிலையா?

கை தட்டாதீர்கள், நன்றி, போதும். நேரமில்லை. நான் இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை.

இந்த மார்ச் மாதம், பச்சை ஹாப்ஸ் வந்த காலையைச் சொல்கிறேன். உலர்த்தாத பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள் என்பது உங்களுக்கா தெரியாது? அம்மா தோட்டத்திலிருந்து அரைத் தலையணை உறை நிறையப் பூ கொண்டுவந்தார். நான் குறிப்பேட்டுடன் நின்றேன். பார்லி அறுபத்தாறு டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறியது. அம்மா இடக் கையால் கூடையைத் தூக்கினார். நான் மறுபக்கம் பிடித்தேன். சாறு ஒரு மணி நேரம் கொதித்தது. அம்மா விசையை அணைத்துவிட்டு, "பூவ வலைப்பைல போட்டு உள்ள விடு" என்று சொல்லிவிட்டு ஈஸ்ட் எடுக்கப் போனார்.

அந்த வாசனை இருக்கிறதே, அன்பர்களே! எலுமிச்சைத் தோலும், ஈரப் புல்லும், இன்னும் பெயர் வைக்காத ஏதோ ஒரு பழமும்! நான் மயங்கினேன், மறந்தேன். தலையணை உறையை அப்படியே அண்டாவுக்குள் கவிழ்த்துவிட்டேன். குறிப்பேட்டில் மட்டும் அழகாக எழுதினேன்: "ஹாப்ஸ், நானூறு கிராம், பதினொன்று நாற்பது." வலைப்பை என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சாற்றைக் குளிர்விக்கப் பம்பை ஓட்டினால், அது ஊளையிட்டது. இதழெல்லாம் வடிகட்டியில் போய் அப்பிக்கொண்டது. சொட்டு வரவில்லை. அந்தச் சூட்டில் பூ கிடக்கக் கிடக்க, சாறு வேகவைத்த புல்லாகிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் பூ! அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை.

அப்போது வேலிக்கு மேலே ஒரு தொப்பி தெரிந்தது.

"என்ன வைமாரி, உன் கரண்ட் அண்டா இப்படிக் கத்துது? பிரசவ வலியா?"

"ஃபில்டர் அடைச்சிடுச்சு, டூகல். நின்னு வேடிக்க பாக்காதீங்க."

"ஒரு பட்டனத் தட்டேன். அதுதான் எல்லாத்தையும் செய்யுமே?"

"தட்டிட்டேன். உங்கள மாதிரியேதான் இருக்கு. சத்தம் மட்டும் வருது, வேல நடக்கல."

மாமா சிரிக்கவில்லை. காற்றை முகர்ந்தார். "அடப் பாவிகளா, அது பச்சப் பூ இல்ல? இதயா பாழாக்கப் போறீங்க?" என்றார். வாசல் வழியாகச் சுற்றி வரும் பொறுமை அவருக்கு இல்லை. சாற்றைக் குளிர்விக்கும் தம் செம்புக் குழாய்ச் சுருளையும் பெரிய சல்லடையையும் எங்கள் பக்கம் போட்டுவிட்டு வேலியிலேயே ஏறினார். கால்சட்டை எங்கே கிழிந்தது என்பதை இந்த அவையில் நான் சொல்ல மாட்டேன்.

"எல்லாத்தயும் கிருமிநாசினில முக்கு!" என்று அம்மா கத்த, "நான் முப்பது வருஷமா முக்குறேன், எனக்கே சொல்றியா?" என்று மாமா கத்த, நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சுருளைச் சாற்றுக்குள் இறக்கினோம். அம்மா இடக் கையால் கலக்கிக்கொண்டே இருந்தார். நீரோட்டம் எவ்வளவு, எப்போது போதும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அண்டா சொல்லவில்லை. அம்மாவின் மூக்கு சொன்னது. "இப்ப! எடு!" என்றார். மாமா சல்லடையைப் பிடிக்க, நான் குவளை குவளையாக மொண்டு ஊற்றினேன். பத்து லிட்டரில் எட்டு தேறியது.

இதோ, டூகல் மாமா எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் மாமா. "நான் உங்க அம்மாவுக்கு எதிரா இத கொண்டு வரலம்மா. கைப்பழக்கம் போயிடக் கூடாதுன்னுதான்."

நம்புகிறேன் மாமா. முழு மனத்தோடு நம்புகிறேன். அதனால்தான் அடுத்ததைச் சொல்கிறேன். இது உங்களுக்கே தெரியாது.

நம் கழகத்தின் ஏழாவது விதி என்ன? போட்டிக்கு வரும் பீர் ஒரே வீட்டாரின் கையால் ஆனதாக இருக்க வேண்டும். அன்று சல்லடை பிடித்தது எங்கள் வீட்டுக் கை அல்ல. மறுநாளே அம்மா தலைவருக்குக் கடிதம் எழுதி, போட்டியிலிருந்து விலகிவிட்டார். இந்த மேசையில் வரிசையாக நிற்கும் போட்டிப் புட்டிகளில் எங்கள் புட்டி இல்லை. நான் எவ்வளவோ கெஞ்சினேன். "நம்ம ரெண்டு பேர விட்டா டூகல் மாமாவுக்குத்தான் தெரியும், அவரும் சொல்ல மாட்டாரு" என்றேன். அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "கோப்ப எனக்கு வேணாம்னு யாரு சொன்னா? வேணும். ஆனா அடுத்தவன் கையால வேணாம்" என்றார்.

கைப்பழக்கம் போய்விடக் கூடாது என்கிறீர்கள். தன் கை செய்தது எது, செய்யாதது எது என்று இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்கும் ஒருத்தியையா கையில்லாதவள் என்று வெளியே அனுப்பப் போகிறீர்கள்? எந்த அண்டா அந்தக் கடிதத்தை எழுதியது? எந்தப் பட்டன் "இப்ப! எடு!" என்றது? மின் அண்டா வெப்பத்தைப் பிடித்து வைக்கும், சாற்றைச் சுற்றிவிடும். அவ்வளவுதான்! மூக்கு வேண்டும், பொறுமை வேண்டும், மகள் செய்த தவற்றைப் பொறுக்கும் மனம் வேண்டும். இவை எந்தக் கடையிலும் அண்டாவோடு சேர்த்து வருவதில்லை!

இந்த ஆண்டுக் கோப்பையை நாங்கள் கேட்கவில்லை. அது போய்விட்டது. அடுத்த மார்ச்சில் பூ வரும்போது, என் அம்மா தனியாக, தம் ஒரு கையால், தம் பத்து லிட்டரைக் காய்ச்சி, உங்கள் புட்டிகளுக்கு நடுவே கொண்டுவந்து வைக்க வேண்டும். தோற்றால் தோற்கட்டும். வாசலிலேயே தோற்கக் கூடாது!

தலைவர் அவர்களே, மணியில் கை வைத்துவிட்டீர்கள். ஒரே ஒரு விண்ணப்பம். எங்கள் பீரில் ஒரு புட்டியை என் பையில் கொண்டுவந்திருக்கிறேன். போட்டிக்கு அல்ல, சாட்சிக்கு. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, நான் குடித்ததில்லை. வாக்கெடுப்புக்கு முன் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே சுவைத்து, உள்ளபடி சொல்லட்டும். அனுமதி உண்டா? உண்டு! நன்றி.

வாருங்கள் மாமா. மெதுவாக ஊற்றுங்கள், அடியில் ஈஸ்ட் இருக்கிறது. அம்மா, தயவுசெய்து கதவைத் திறக்காதே, உட்கார்.

முகர்கிறார். மறுபடி முகர்கிறார். குடிக்கிறார். அவையோரே, அமைதி, அமைதி!

"கொஞ்சம் புல்லு வாசம் அடிக்குது."

ஆம் மாமா. அது நான் மறந்த வலைப்பை. குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். வேறு?

"வேற என்ன? பீர்தான்."

தலைவர் அவர்களே! "பீர் ஆகாது" என்ற தீர்மானத்தின் முதல் வரியை, அதைக் கொண்டுவந்தவரே குடித்துவிட்டார். இனி நான் பேச ஒன்றுமில்லை. பொறுமையோடு செவிமடுத்த மூத்தோருக்கும், தாய்மாருக்கும், மணியை அடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்ட தலைவருக்கும், இன்னும் குவளையைக் கீழே வைக்காத டூகல் மாமாவுக்கும் என் நன்றி. கை தூக்குங்கள், எண்ணுங்கள். கியா ஓரா!